கேப்டன் சொன்ன வானிலை

அத்தியாயம் 14

காற்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அவளும்தான். ஆனால் காற்றுக்கு மனசாட்சி கிடையாது.

காலை எட்டு மணி. படகு அந்தக் குடாவுக்குள் ஒதுங்கிப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று பக்கமும் பாறை மேடு. நான்காவது பக்கம், இரண்டு தீவுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற ஓர் இடுக்கு. உள்ளே வர அது ஒன்றுதான் வழி. வெளியே போகவும் அதுவேதான். அதன் வழியாகக் காற்று விசிலடித்துக்கொண்டு நுழைந்தது. குடா உள்ளே முழங்கை மாதிரி மடங்கியிருந்ததால் படகு நின்ற இடத்தில் அலை இல்லை. கயிறுகள் மட்டும் அலறிக்கொண்டிருந்தன.

பாய்மரப் படகு அவளுடையது. எட்டு வருஷமாகச் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு இந்தத் தீவுகளுக்குள் போய்வருவதுதான் தொழில். வீட்டில் அவளைக் கூப்பிடுவதே 'கேப்டன்' என்றுதான். இந்தமுறை ஏறியிருந்தது வாடிக்கையாளர்கள் இல்லை. அப்பாவும் அண்ணனும்.

அப்பாவுக்கு அறுபத்தாறு வயது. நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். நாளைக் காலை பதினொரு மணிக்கு அவருக்குக் கல்யாணம்.

பெண், நர்ஸம்மா. அம்மா போன இரண்டாவது வருஷம், ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுபோனபோது உள்ளே மாட்டிக்கொண்டவர். வெளியே நின்று, கதவிடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே அதைச் சரிசெய்தவர் அப்பா. லிஃப்ட் நாற்பது நிமிஷத்தில் கிளம்பிவிட்டது. பேச்சுதான் இரண்டு வருஷமாக நிற்கவில்லை.

நாளை மறுநாள் நர்ஸம்மா கடல் தாண்டி இன்னொரு நாட்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போகிறார். இரண்டு வருஷ ஒப்பந்தம். கணவன் என்று பதிவு அலுவலகத்துத் தாள் இருந்தால்தான் அப்பாவும் கூடப் போக முடியும். நாளைப் பதினொரு மணி தவறினால் விமானத்தில் ஓர் இருக்கை காலியாகப் பறக்கும். அவ்வளவுதான் விஷயம்.

அதற்கு முன்னால், "நாம மூணு பேரு மட்டும் நாலு நாள் எங்கயாவது போய்ட்டு வரலாமே" என்று ஆசைப்பட்டவர் அப்பாதான்.

நேற்றுக் காலை ஆறு மணி வானிலைச் செய்தியில், மதியத்திலிருந்து இரண்டு நாளைக்குப் பலத்த காற்று என்று தெளிவாகச் சொன்னார்கள். உடனே கிளம்பியிருந்தால் பன்னிரண்டு மணிக்கு ஊர்த் துறைமுகம் சேர்ந்திருக்கலாம். கேப்டன் ரேடியோவை அணைத்தாள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த பலகையில் 'மிதமான காற்று' என்று எழுதினாள். பதினொரு மணிவரை அப்பாவையும் அண்ணனையும் ஆற அமர நீந்தவிட்டாள்.

அவள் எழுதியதற்குக் கீழே அப்பா கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு லிஃப்டிலும் பரிசோதனை அட்டையில் போட்டுப் போட்டு வந்த பழக்கம். "கேப்டன் சொன்னா சரிதான்" என்று சொல்லிக்கொண்டே போட்டார்.

அந்தக் கையெழுத்துத்தான் ராத்திரி முழுக்க அவளைத் தூங்கவிடவில்லை.

"என்ன கேப்டன், கண்ணு ரெண்டும் மிளகாப்பழம் மாதிரி செவந்திருக்கு?"

அப்பா படியேறி மேலே வந்தார். நேற்றுக் குடாவுக்குள் நுழையும்போது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் கம்பியில் மோதி, முழங்கையில் கட்டு.

"நங்கூரம் இழுக்குதான்னு பார்த்துட்டே இருந்தேம்ப்பா."

"நீ இல்லைன்னா நேத்து நாங்க மீனுக்குச் சாப்பாடு ஆயிருப்போம். சரியான நேரத்துல சரியான இடத்துல ஒதுக்கின பாரு! யாரு பொண்ணு?"

"வேண்டாம்ப்பா."

"என்ன வேண்டாம்? ரெண்டு வார்த்தை நல்லதாச் சொன்னா உடனே கூச்சமா?"

அவள் கயிற்றைச் சரிபார்ப்பது மாதிரிக் குனிந்துகொண்டாள். பாராட்டு கல்லாக வந்து விழும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் கார் ஓட்டச் சொல்லித்தருகிற ஆசிரியர். பதினைந்து வருஷமாக மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்ததில், படகு லேசாக அசைந்தாலே அவன் வலது கால் தானாக இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

"அண்ணா, படகுக்குப் பிரேக் கிடையாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"எனக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலையே."

அப்பா சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. நேற்று மதியத்திலிருந்தே அவன் சரியாகச் சிரிக்கவில்லை என்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு சின்னப் படகு துள்ளித் துள்ளி வந்து அவர்கள் படகைப் பிடித்துக்கொண்டது.

குடாவின் மறுபக்கம் ஒரு மீன்பிடிப் படகு நின்றிருந்தது. அதன் சொந்தக்காரர். நாற்பது வயசு, கடலிலேயே காய்ந்த உடம்பு. வடக்கே வெகுதூரத்திலிருந்து வந்தவர்; இந்தப் பக்கமே புதுசு.

"தங்கச்சி, உங்க படகு சுத்தி சுத்தி என் பக்கம் வருது. சங்கிலியைக் கொஞ்சம் இழுத்துக்கறியாம்மா?"

"இழுத்துக்கறேண்ணே. மன்னிச்சுக்குங்க."

"அட, இதுக்கெல்லாமா!" அவர் அப்பாவைப் பார்த்து வணக்கம் சொன்னார். "பெரியவரே, கையில என்ன காயம்?"

"காத்து திடீர்னு கிளம்பிடுச்சு தம்பி. அதான்."

"திடீர்னா?" மீன்காரர் முகத்தில் நிஜமான ஆச்சரியம். "நேத்துக் காலையில ஆறு மணிக்கே சொல்லிட்டாங்களே! அதைக் கேட்டுட்டுத்தான் பாதி வலையைக்கூட எடுக்காம இங்க ஓடி வந்தேன். நீங்க கேக்கலையா?"

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று கேப்டனுக்கு அந்த நிமிஷம் புரிந்தது. கத்தவும் முடியாது. கையை உதறவும் முடியாது.

அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார். சந்தேகமே இல்லாத பார்வை. சும்மா ஒரு கேள்வி.

"ரேடியோ சரியா எடுக்கலப்பா" என்றாள். "ரெண்டு நாளா கரகரன்னு. நேத்துச் சாயங்காலம் துறைமுகத்துக்குப் பேசாததும் அதனாலதான்."

"இதை முன்னாலயே சொல்லக் கூடாதா?" அப்பாவின் முகம் மலர்ந்தது. "நாப்பது வருஷம் நான் என்ன ஆணியா பிடுங்கினேன்? கொண்டா அந்த ஸ்க்ரூ டிரைவரை!"

மீன்காரர் போய்விட்டார். அப்பா படியிறங்கி, நன்றாக இருக்கிற ரேடியோவின் முதல் திருகைக் கழற்றினார்.

'அப்பா, வேண்டாம்' என்று சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அவள் சங்கிலியை இழுக்கப் போனாள்.

*

பத்து மணிக்கு ரேடியோ மேஜைமேல் துண்டு துண்டாகக் கிடந்தது.

அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். ஒவ்வொரு பாகத்தையும் எடுத்து, ஊதி, துணியால் துடைத்து, தேநீர்த் தட்டில் வரிசையாக வைத்தார். சின்னப் பாட்டு ஒன்று உதட்டில் ஓடியது. அம்மா போன பிறகு அவர் பாடி அவள் கேட்டதில்லை.

"கேப்டன், இது பொல்லாத நோய். எங்க தொட்டாலும் நல்லா இருக்கு. ஒரு குறையும் கண்ணுல படல."

"விடுங்கப்பா. கரைக்குப் போய்ப் பார்த்துக்கலாம்."

"விடறதா? உள்ள இருக்கிற கோளாறை வெளிய கொண்டு வராம நான் எந்த இயந்திரத்தையும் மூடினதில்ல. மத்தியானம் ஒரு மணிக்குத் துறைமுகத்துல படகுகளோட பேச்சு நேரம் இருக்குல்ல? அதுக்குள்ள சரி பண்ணிடணும். பாவம் அந்தம்மா. நேத்தே வந்துடுவோம்னு சொல்லிட்டு வந்தேன். நாம முழுகிட்டோமோன்னு நினைச்சிட்டு இருப்பாங்க."

முழுகிட்டோமோன்னு நினைச்சிட்டு இருப்பாங்க.

அவள் நேற்றிலிருந்து எல்லாக் கணக்கும் போட்டிருந்தாள். பதினொரு மணி, பதிவு அலுவலகம், விமானம். துறைமுகத்தில் ஒரு பெண் ராத்திரி முழுக்க நின்றுகொண்டிருக்கலாம் என்பது மட்டும் அதில் இல்லை.

மேலே வந்தாள். மூச்சு வேண்டும் போலிருந்தது. காற்று மூச்சைக்கூடப் பிடுங்கியது.

"உக்காரு" என்றான் அண்ணன். கம்பளியில் பாதியை நீட்டினான். அவள் உட்காரவில்லை.

"ரேடியோவுக்கு ஒண்ணுமில்ல" என்றான்.

அவள் கயிற்றின் முடிச்சை இறுக்கினாள்.

"நேத்துக் காலையில நானும் முழிச்சிட்டுத்தான் இருந்தேன். பலத்த காற்று, நாப்பது கிலோமீட்டர், நாப்பத்தஞ்சு, படகுகள் கரைக்குத் திரும்பணும். எல்லாம் கணீர்னு கேட்டுச்சு. உன் ரேடியோ ரொம்ப நல்ல ரேடியோ."

"அப்போ ஏன் நீ..."

"நீ ஏன்?"

இரண்டு பேரும் கீழே பார்த்தார்கள். அப்பாவின் வழுக்கைத் தலையும், அதைச் சுற்றிப் பறக்கிற கொஞ்சம் நரைமுடியும் தெரிந்தன.

"நான் எதுவும் பண்ணலை" என்றான் அண்ணன். "நீ பண்ணினே. நான் பார்த்துட்டுச் சும்மா படுத்திருந்தேன். நான் மட்டும் உத்தமன்னு ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிப் பார்த்துட்டேன். என் காதே நம்பல."

"உனக்கு நர்ஸம்மாவைப் பிடிக்கலையா?"

"ரொம்பப் பிடிக்கும். அதுதான் கஷ்டம். மோசமான பொம்பளையா இருந்திருந்தா நேரா சண்டை போட்டிருக்கலாம்." அவன் கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. "ரெண்டு வருஷம், கேப்டன். அறுபத்தாறு வயசு மனுஷன். திரும்பி வரும்போது அறுபத்தெட்டு. நான் என்ன கேட்டேன்? பக்கத்துத் தெருவில இருங்கப்பான்னு கேட்டேன். வேறென்ன?"

அவளுக்கும் அதேதான். அம்மா போனதும், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அப்பா துறைமுகத்துக்கு வருவார். படகு திரும்புகிற நேரத்துக்குக் கரையில் நின்று கயிற்றை வாங்கிக் கட்டுவார். யாரும் வராத கரைக்குத் திரும்புவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுக்குத்தான் இவ்வளவு.

"சொல்லிடுவோம்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? நாளைக்குப் பதினொரு மணி தாண்டிடட்டும். காத்து மேல பழியைப் போடு. காத்து வந்து இல்லைன்னு சாட்சி சொல்லப் போகுதா?"

"அவரு கீழே நல்லா இருக்கற ரேடியோவைப் பிரிச்சு வைத்தியம் பார்த்துட்டு இருக்காருண்ணா!"

"பார்க்கட்டும். கைக்கு வேலை இருந்தா சந்தோஷமாத்தான் இருப்பாரு."

"நீ மனுஷனாடா?"

"நீ?"

அப்போதுதான் இடுக்கு வழியாக ஒரு பெருங்காற்று உள்ளே பாய்ந்தது. படகு சங்கிலியின் நுனிவரை ஓடி, வெடுக்கென்று இழுபட்டு நின்றது. கீழே தேநீர்த் தட்டு கவிழ்கிற சத்தம். அதற்குப் பின்னால் அப்பாவின் குரல்.

"ஐயோ!"

அவள் படிகளைத் தொடாமலே குதித்தாள்.

அப்பாவுக்கு அடி எதுவும் இல்லை. கட்டுப் போட்ட முழங்கை வழுக்கி, ஸ்க்ரூ டிரைவர் ரேடியோவின் வயிற்றுக்குள் இறங்கியிருந்தது. முடிபோல ஒரு செம்புக் கம்பி அறுந்து, விறைத்துக்கொண்டு நின்றது.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது.

"என்னை மன்னிச்சிடும்மா. கரகரன்னாவது பேசிட்டு இருந்துச்சு. நான் மொத்தமாக் கொன்னுட்டேன்."

"அப்பா..."

"கை நடுங்குது. வயசாயிடுச்சு, ஒத்துக்கணும். உன் பிழைப்புக்கான சாமான். நல்லா இருந்ததையும் சேர்த்துக் கெடுத்துட்டேன்."

அவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். அந்த இடத்தில் அவளுக்குள் ஏதோ உடைந்தது.

"அது நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு."

"ஆமா, இதுக்கு முன்னால..."

"எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. கரகரப்பே இல்ல. நேத்து ஆறு மணிச் செய்தியை நான் முழுசாக் கேட்டேன். பலகையில பொய் எழுதினேன். நீங்க நாளைக்கு அங்க போய்ச் சேரக் கூடாதுன்னுதான்."

சொல்லிவிட்டாள். காரணம்கூடச் சொல்லத் தோன்றவில்லை.

அண்ணன் படியின் பாதியில் நின்றிருந்தான். இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

அப்பா வெகுநேரம் அந்த அறுந்த கம்பியையே பார்த்தார். தன் முழங்கைக் கட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். அதைத் தொட்டது அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்பா, திட்டுங்கப்பா."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பழைய துணிப்பையிலிருந்து, கம்பி ஒட்டப் பற்றவைக்கிற இரும்புக் கோலை எடுத்தார்.

"அடுப்பை மூட்டி இதைக் காயவை" என்றார். "டார்ச்சைப் பிடி. நேராப் பிடி."

*

ஐந்து மணி நேரத்துக்கு மேல் டார்ச்சைப் பிடித்தாள்.

ஒரு மணிப் பேச்சு நேரம் வந்து போனது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அப்பா "மேலே", "இடது பக்கம்", "ஆடாதே" என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோல் ஆறியதும் நீட்டினார். அவள் மறுபடி காயவைத்துக் கொடுத்தாள். பாட்டு நின்றுபோயிருந்தது.

அவர் கத்தியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அம்மாவை இழுத்திருப்பாள். "எங்களை விட்டுட்டுப் போறீங்களே" என்று அழுதிருப்பாள். எல்லாம் தயாராகத்தான் தொண்டையில் இருந்தது. கையில் டார்ச் இருக்கிறவர்களால் அழ முடியாது. வெளிச்சம் ஆடும்.

மூன்றே முக்காலுக்கு ரேடியோவில் பச்சை விளக்கு எரிந்தது.

அண்ணன், "அப்பான்னா அப்பாதான்!" என்று கைதட்டப் போய், பாதியில் கையை இறக்கிக்கொண்டான்.

நாலு மணிப் பேச்சு நேரத்தில் ஒரு வழக்கம் உண்டு. துறைமுகத்து ரேடியோ அறைக்கு யார் வேண்டுமானாலும் வந்து கடலில் இருக்கிறவர்களோடு பேசலாம். ஆனால் ஒரே அலைவரிசை. கடலில் இருக்கிற அத்தனை படகும் கேட்கும். பிறந்தநாள் வாழ்த்தும் கேட்கும், புருஷன் பெண்டாட்டி சண்டையும் கேட்கும்.

அப்பா மைக்கை எடுத்துப் படகின் பேரைச் சொல்லி முடிக்கவில்லை. அந்தப் பக்கம் ரேடியோக்காரர் "கொஞ்சம் இருங்க, இங்க ஒருத்தங்க நேத்திலேருந்து..." என்று ஆரம்பித்தார். அதற்குள் மைக் கைமாறிவிட்டது.

"லிஃப்ட்காரரே!"

நர்ஸம்மாவின் குரல் கட்டியிருந்தது.

"நான்தான். மூணு பேரும் நல்லா இருக்கோம். ஒரு குடாவுல ஒதுங்கியிருக்கோம். ஓவர்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. நோயாளிகள் முன்னால் முப்பது வருஷம் அழாமல் இருந்தவர் அந்தம்மா.

"நேத்தே ஏன் வரல? ஓவர்."

கேப்டன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"காத்து" என்றார் அப்பா. "திடீர்னு வந்துடுச்சு. காத்துதான். வேற ஒண்ணுமில்ல. ஓவர்."

மகளைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் மகளோடு பேசாதவர், கடல் முழுக்கக் கேட்க அவளுக்காகப் பொய் சொன்னார். இதற்குப் பதில் அவர் அவளை அடித்திருக்கலாம்.

"பொய் சொல்லாதீங்க." நர்ஸம்மாவின் குரல் மாறியது. "அறிவிப்பு நேத்துக் காலையிலயே வந்துச்சுன்னு இங்க இருக்கறவரு சொல்றாரு. எல்லாப் படகும் மத்தியானத்துக்குள்ள கரைக்கு வந்துடுச்சு. உங்க படகு ஒண்ணுதான் வரல. லிஃப்ட்காரரே, இஷ்டமில்லைன்னா நேரா சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஆனா காத்து மேல பழி போடாதீங்க. ஓவர்."

அப்பா மைக்கை வாயருகே கொண்டுபோனார். உண்மையைச் சொன்னால் மகளின் மானம் போகும். சொல்லாவிட்டால் அந்தம்மா போவார். கட்டை விரல் பொத்தானை அழுத்தவில்லை.

அவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"நான் அவரு பொண்ணு பேசறேன். அப்பா மேல தப்பில்ல. அறிவிப்பைக் கேட்டது நான். மறைச்சது நான். காத்து லேசாத்தான் இருக்கும்னு அவருகிட்ட எழுதிக் காட்டினது நான். அவரு உங்ககிட்ட வந்துடக் கூடாதுன்னு வேணும்னே பண்ணினேன். அவரு நேத்திலேருந்து உங்களைப் பத்தித்தான் கவலைப்பட்டுட்டு இருக்காரு. எனக்கு... எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. ஓவர்."

"நானும்தான்!" என்று அண்ணன் பின்னாலிருந்து கத்தினான். "எனக்கும் தெரியும்! நானும் வாயை மூடிட்டு இருந்தேன்!"

அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டிருந்தாள். அவனுடைய ஒப்புதல் வாக்குமூலத்தைக் கேட்டவை அந்த அறையின் நாலு பலகைகள்தான்.

எத்தனை படகுகளில் எத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களோ!

"கேட்டுச்சும்மா" என்றார் நர்ஸம்மா கடைசியில். "எனக்கும் கேட்டுச்சு, ஊருக்கும் கேட்டுச்சு. இதைச் சொல்றது லேசில்ல. ஆனா சரின்னு சொல்ல எனக்கு இப்ப வாய் வரல. ராத்திரி முழுக்க ஈரத்துல நின்னிருக்கேன்." ஒருமுறை இருமினார். "லிஃப்ட்காரரே, நாளைக்குப் பதினொரு மணிக்கு நான் அந்த ஆபீஸ்ல உக்காந்திருப்பேன். வந்தா வாங்க. பன்னெண்டு மணிக்கு அவங்க கதவைச் சாத்திடுவாங்க. நானும் எழுந்து போயிடுவேன். அவ்வளவுதான். ஓவர்."

அதற்குப் பிறகு வேறு யாரோ தன் மனைவியிடம் கூரை ஒழுகுகிறதா என்று விசாரித்தார்கள்.

*

ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சின்னப் படகு மறுபடி துள்ளிக்கொண்டு வந்தது.

மீன்காரர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக அப்பாவைப் பார்த்தார்.

"பெரியவரே, என் படகுல இருக்கற ரேடியோ கேக்க மட்டும்தான் கேக்கும், பேசாது. எல்லாத்தையும் கேட்டுட்டேன். ஒட்டுக் கேட்டதா நினைக்காதீங்க."

"கடலுக்கே கேட்டுச்சு தம்பி. உங்களுக்கு என்ன?"

"விடியக்காலையில அஞ்சு மணிக்குக் காத்து கொஞ்சம் தணியுமாம். செய்தியில சொன்னாங்க. மூணு மணி நேரம் அப்படி இருக்கும். அதுக்குள்ள நான் கிளம்பிடலாம்னு இருக்கேன். எனக்குப் பெரிய இன்ஜின். நீங்க வர்றதா இருந்தா பத்து மணிக்கு உங்களை உங்க துறைமுகத்துல இறக்கிவிட்டுடறேன்."

அப்பாவின் முகத்தில், உண்மை தெரிந்த பிறகு முதல்முறையாக, வெளிச்சம் வந்தது.

"அஞ்சு மணிக்கா?" என்றாள் கேப்டன். "அண்ணே, வேண்டாம். அஞ்சு மணிக்கு அந்த இடுக்கு வழியாப் போகக் கூடாது."

"ஏம்மா? காத்துதான் தணியுதே."

"காத்து தணியும். தண்ணி தணியாது. அந்த நேரம் வத்தம். இந்தக் குடாவுல இருக்கற தண்ணி மொத்தமும் அந்த இடுக்கு வழியா வெளிய ஓடும். காத்து எதிர்ல உள்ள வரும். ரெண்டும் மோதி அந்த இடத்துல அலை சுவரு மாதிரி எழும்பும். போன வருஷம் அங்க ஒரு படகு கவுந்ததை என் கண்ணால பார்த்தேன். நீங்க இந்தப் பக்கத்துக்குப் புதுசு. நீங்க உள்ள வந்தப்போ தண்ணியும் கூட உள்ள வந்துச்சு, அதனால உங்களுக்குத் தெரியல."

"சரி, எத்தனை மணிக்குப் போகலாம்?" என்றார் மீன்காரர்.

"பத்து மணிக்கு மேல. தண்ணி நின்னப்புறம்."

பத்து மணிக்கு மேல். அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும், அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே புரிந்தது. பத்து மணிக்குக் கிளம்பினால் துறைமுகம் சேரப் பிற்பகல் மூன்று மணி ஆகிவிடும்.

மீன்காரர் தாடையைச் சொறிந்தார். "நானும் இருபது வருஷமாக் கடல்ல இருக்கேம்மா" என்றார். திரும்பித் தண்ணீரைப் பார்த்தார்.

அண்ணன் மெதுவாக அவள் பக்கம் வந்தான். காதருகே குனிந்தான்.

"கேப்டன்... இப்பவுமா?"

அவனுக்கே சந்தேகம். கூட்டுக் களவாணிக்கே சந்தேகம்.

"சத்தியமாண்ணா! இது நிஜம்! அப்பா, இது நிஜம்ப்பா. என்னை நம்ப வேண்டாம், அந்த இடுக்கை நம்புங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். அஞ்சு மணிக்குப் போகாதீங்க."

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தமுறை சும்மா ஒரு பார்வை இல்லை. இரண்டு வருஷம் ஒழுங்காக ஓடி, ஒருநாள் நடுமாடியில் நின்றுபோன லிஃப்டை அவர் பார்க்கிற பார்வை. எந்த இடத்தில் கோளாறு என்று தேடுகிற பார்வை. கண், உதடு, கை, எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

அவள் அசையாமல் நின்றாள். பார்க்கட்டும். உண்மையைத்தானே சொல்கிறாள். உண்மை முகத்தில் எங்கேயாவது தெரியாமலா போகும்?

"நேத்துக் காலையிலயும் உன் முகம் இதே மாதிரித்தான் இருந்துச்சு" என்றார் அப்பா. கோபமே இல்லை. "எனக்கு வித்தியாசம் தெரியலம்மா."

அவர் மீன்காரர் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு மணிக்கு நான் எங்க வந்து நிக்கணும், தம்பி?"